சதுரங்கப்பட்டினம் ரோட்டில் எரிந்த கிளட்ச்

எங்கள் இருசக்கர வாகன மெக்கானிக் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி தம்பிகள் கேட்டார்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு நேரத்துக்கா பஞ்சம், சரி என்று சொல்லிவிட்டேன். எதைப் பற்றி என்று கேட்டதற்கு, உங்கள் சர்வீஸில் உங்களை ரொம்ப அலைக்கழித்த ஒரு வேலையைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள். யோசிக்கவே தேவைப்படவில்லை. சேகர் அண்ணன் வண்டியின் கிளட்ச்தான்.

இப்போது பேட்டரி ஸ்கூட்டர்கள் வந்துவிட்டன. அவற்றில் கிளட்ச்சே கிடையாது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. என் விரல் இடுக்கில் படிந்த கறுப்பு போவதற்கு எத்தனை சோப்பு கரைந்தது என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். ஆனால் கிளட்ச் வைத்த பழைய வண்டிகள் இன்னும் ஊரெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மெக்கானிக் இல்லாதவர்களும் இந்த மலரைப் படிப்பார்கள் என்பதால் ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன். ஆக்சிலேட்டரைத் திருகுகிறீர்கள். இன்ஜின் சத்தம் ஏறுகிறது. வண்டி மட்டும் அதே வேகத்தில் போகிறது. இன்ஜினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டிய கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்காமல் சறுக்குகின்றன என்று அர்த்தம். இதைத்தான் நாங்கள் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்போம்.

நான் நெரும்பூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஐ.டி.ஐ. படித்துவிட்டு, செங்கல்பட்டில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் சில வருடம் ஆயில் மாற்றினேன், பிரேக் கட்டினேன். அங்கே இன்ஜினைத் தொட விடமாட்டார்கள். அதனால் திருக்கழுக்குன்றத்தில் நைனா கடைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டேன். கடைசி வரைக்கும் அங்கேதான்.

நைனாவின் உண்மையான பெயர் ரங்கநாதன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் என்பதால் ஊருக்கே நைனா ஆகிவிட்டார். ஒல்லியான ஆள். தினமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் கடைக்கு வருவார். நாங்கள் எல்லாரும் கரிக்கட்டை மாதிரி நிற்போம். அவரும் எங்களோடு சேர்ந்து இன்ஜின் இறக்குவார், கியர் பாக்ஸ் பிரிப்பார். சாயங்காலம் அந்தச் சட்டையில் ஒரு பொட்டு ஆயில் இருக்காது. எப்படி என்று கடைசி வரை எங்களுக்குப் பிடிபடவில்லை.

வண்டியோடு யார் வந்தாலும் முதலில் ஸ்டூலை இழுத்துப் போடுவார். வந்தவர் "கார்புரேட்டர் போயிடுச்சு நைனா" என்று ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். வண்டி என்ன செய்கிறது என்பதைச் சொன்னால் போதும், எது போயிற்று என்பதை நாங்கள் சொல்கிறோம் என்பார். பிறகு அவரையே மலையடிவாரம் வரை ஓட்டிக்கொண்டு போய்வரச் சொல்வார். ரோட்டில் நின்று பின்னாலிருந்து பார்ப்பார். ஓட்டுகிறவர் உட்காரும் விதம், கை வைக்கும் விதம் எல்லாம் அவருக்கு வேண்டும். கோபம் வந்தால் மட்டும் அவருக்கு மரியாதை கூடிவிடும். "ஏழுமலை அவர்களே, கொஞ்சம் வர்றீங்களா" என்று கூப்பிட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

கிளட்ச்சுக்கு அவர் வைத்திருந்த சோதனை எங்கள் தெருவில் பிரபலம். முன் சக்கரத்தைக் கடைச் சுவரில் முட்ட நிறுத்துவார். மூன்றாவது கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளட்ச்சை மெதுவாக விடுவார். கிளட்ச் நன்றாக இருந்தால் இன்ஜின் பொட்டென்று அணைந்துவிடும். தேய்ந்திருந்தால் அணையாமல் உறுமிக்கொண்டே இருக்கும். பல வருடத்து டயர்கள் முட்டி முட்டி அந்தச் சுவரில் கறுப்பாக ஒரு பெரிய தடம் விழுந்திருந்தது. வெள்ளையடிக்க வந்தவர்கள்கூட அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள்.

ஒரு தடவை பால்காரர் முனுசாமியின் வண்டி அந்தச் சுவரில் உறுமியது. கிளட்ச் பிளேட், அதாவது தட்டுகள், மாற்றி அதிக நாள் ஆகவில்லை. நைனா ஆயில் மூடியைத் திறந்து, ஒரு துளியை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது யார் வூட்டு ஆயிலு?" என்று கேட்டார். முனுசாமி கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு, கார் டிரைவரான மச்சான் ஒரு டப்பா ஓசியில் கொடுத்ததாகச் சொன்னார். கார் ஆயில் சிலவற்றில் வழுக்கலுக்கென்றே மருந்து சேர்த்திருப்பார்கள். காரில் கிளட்ச் தனியாக இருக்கும். நம் வண்டியில் கிளட்ச் அந்த ஆயிலிலேயே குளித்துக்கொண்டிருக்கும். பிறகு எங்கே பிடிக்கும்? தட்டுகளைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, சரியான ஆயிலை ஊற்றி அனுப்பினோம். மச்சானிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று முனுசாமி கெஞ்சிவிட்டுப் போனார்.

இப்படிக் காரணம் தெரிந்துவிட்டால் கிளட்ச் வேலை சுலபம். காரணம் தெரியாமல் மாட்டிக்கொண்டது சேகர் அண்ணன் வண்டியில்தான். பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும்.

சேகர் அண்ணன் சதுரங்கப்பட்டினத்துக்காரர். கடற்கரையோரம் ஓர் இறால் குஞ்சுப் பண்ணையில் எலக்ட்ரீஷியன். நூறு சிசி வண்டி. அப்போதே பழசு, ஆனால் டேங்கில் முகம் பார்க்கலாம், அப்படித் துடைத்து வைத்திருப்பார். மேட்டில் ஏறும்போது வண்டி கத்துகிறதே தவிர இழுக்கவில்லை என்று கொண்டுவந்தார். நைனா வழக்கப்படி அவரை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். சுத்தமான ஓட்டு. கியர் போட்டதும் கிளட்ச் லீவரிலிருந்து கையை எடுத்துவிடுவார். நைனா திருப்தியாகத் தலையாட்டினார்.

வேலையை என்னிடம் கொடுத்தார். முதலில் லீவரில் ஆட்டம் பார்த்தேன். லீவரை லேசாக இழுத்தால் கொஞ்ச தூரம் சும்மா வர வேண்டும், பிறகுதான் கேபிள் இழுபட வேண்டும். அந்த ஆட்டம் இல்லையென்றால், யாரும் தொடாமலே கிளட்ச் பாதி அமுங்கியபடி கிடக்கும். ஒரு ரூபாய்க் காசு நுழைகிற இடைவெளி சரியாக இருந்தது. கேபிள் பிசிறில்லை. ஆயில் சரியான ஆயில். சுவரில் முட்டி விட்டுப் பார்த்தேன், உறுமியது. ஆயிலை வடித்து, வலது பக்க மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளை எடுத்துத் தட்டுகளை ஒவ்வொன்றாக உருவினேன். உராயும் தட்டுகள் வயதாகித் தேய்ந்திருந்தன. ஸ்பிரிங்குகளைக் கண்ணாடிப் பலகை மேல் புதுசின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் எல்லாம் குட்டை. தட்டுகள் உட்காரும் கூடையின் விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தது, அதை அரத்தால் ராவிச் சமமாக்கினேன். புதுத் தட்டுகளை ஒரு ராத்திரி ஆயிலில் ஊறவைத்து மறுநாள் மாட்டினேன். போல்ட்டுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும் என்பதில் நைனா கறார். சுவரில் விட்டோம். பொட்டென்று அணைந்தது. சேகர் அண்ணன் சந்தோஷமாகப் போனார். போகும்போது, பின்னால் உட்காருகிறவர்கள் சாய்ந்துகொள்ள ஒரு கம்பி வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். வைத்துக் கொடுத்தோம்.

மழைக்காலம் முடிவதற்குள் திரும்ப வந்தார். அதே நோவு. பிரித்தால், என் கண்ணையே நம்ப முடியவில்லை. நான் மாட்டிய தட்டுகள் கருகிக் கிடந்தன. நடுவில் வரும் இரும்புத் தட்டுகளில் சூடேறிய நீலப் பூச்சு. ஆஃப் கிளட்ச் பிடித்தே, அதாவது லீவரைப் பாதி அமுக்கியபடியே, ஓட்டுகிற வண்டியில்தான் இப்படி வரும். நைனா நேராகவே கேட்டார். சேகர் அண்ணன் கற்பூரம் அடிக்காத குறையாக மறுத்தார். "வூட்டுக்கும் பண்ணைக்கும் தான் போய்கினு வரேன் நைனா. வேற எங்கியும் இல்ல." மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னோம். அதே சுத்தமான ஓட்டு. மறுபடி புதுத் தட்டு. இந்தத் தடவை பின்னால் உட்காருகிறவர்களுக்கு அகலமான கால் மிதி வேண்டும் என்றார்.

மூன்றாவது தடவை வந்தபோது நைனாவுக்குச் சந்தேகம் தட்டுகள் மேல் போனது. எங்களுக்குப் பார்ட்ஸ் கொடுப்பவர் செங்கல்பட்டு இஸ்மாயில் பாய். நைனாவும் அவரும் கல்யாணத்துக்கு முந்தைய சிநேகிதர்கள். நைனா கருகிய தட்டுகளைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போய் பாய் கடை மேசையில் வைத்து, "பாருங்க, இதெல்லாம் நல்ல சரக்கு தானுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். அந்த மரியாதையிலேயே பாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. "என் கடையில டூப்ளிகேட் விக்கறேன்னு சொல்ல வந்தியா?" என்று எழுந்துவிட்டார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு போல்ட்டுக்கும் நான் சென்னைக்கு பஸ் ஏறினேன். கடையில் நைனா சிரிப்பதும் குறைந்துபோனது. நாலு மணி டீயைத் தனியாகக் குடித்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கிளட்ச்சால் அந்த மனுஷனின் சிநேகிதம் போய்விட்டதே என்று எனக்கு உறுத்தலாக இருந்தது.

சென்னையில் வாங்கிய தட்டுகளும் சில வாரத்தில் வழுக்க ஆரம்பித்தன. பண்ணையில் வேலை அதிகம், லீவு கிடைத்ததும் வண்டியைக் கொண்டு வருகிறேன் என்று சேகர் அண்ணன் போன் செய்தார். நைனா போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வண்டி இங்க ஒழுங்கா கீது. அங்க போனா தான் கெடுது. அப்ப அங்க போய் பாரு ஏழுமல."

மறுநாள் காலையில் என் வண்டியில் சதுரங்கப்பட்டினம் போனேன். சேகர் அண்ணன் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் இப்போதுதான் கிளம்பினார்கள் என்றார். எந்தப் பக்கம், வண்டியிலா போனார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"பாதி வண்டில, பாதி நடை. நீ ஓடத் தேவல, நடந்தே புடிச்சிடுவ."

ஒன்றும் விளங்காமல், அவர் கை காட்டிய பக்கம் போனேன். பழைய டச்சுக் கோட்டை மதிலைத் தாண்டி, ரோடு சவுக்குத் தோப்போரம் திரும்புகிற இடத்தில் அவர்களைப் பார்த்தேன். ரோட்டோரமாக ஓர் அம்மாள் குடை பிடித்தபடி நடந்து போய்க்கொண்டிருந்தார். அவர் பக்கத்திலேயே, அவர் நடைக்கு ஈடாக, சேகர் அண்ணன் வண்டியை உருட்டிக்கொண்டு போனார். உருட்டியது காலால் இல்லை, இன்ஜினால். முதல் கியர், இடது கையில் பாதி அமுக்கிய கிளட்ச். பின் சீட்டில் அந்த அம்மாளின் சாப்பாட்டுப் பை, கம்பியில் சாய்ந்து சொகுசாக உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த சீட் ஞாபகம் வந்தது. முன்பாதி வெளுத்துப் போயிருக்கும். பின்பாதி கடையில் தைத்து வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். நைனாவும் பார்த்ததுதான், நானும் பார்த்ததுதான். யாருக்கும் உறைக்கவில்லை.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தே பின்னால் போனேன். கருகல் வாடை எனக்கு வந்தது. அவர்கள் இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். கூப்பிடவே மனசில்லை. கூப்பிட்டேன்.

சேகர் அண்ணன் என்னைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன் மாதிரி இறங்கி நின்றார். அந்த அம்மாள் அவர் மனைவி கலாவதி. அடுத்த ஊர் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். நான் யார் என்று கேட்டார். நைனா கடை மெக்கானிக், அண்ணன் வண்டியில் கிளட்ச் அடிக்கடி போகிறது, அதைப் பார்க்க வந்தேன் என்றேன். அவர் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். வண்டி திரும்பத் திரும்பக் கடைக்குப் போய்வந்த கதை அவருக்குத் தெரியாது.

நடுரோட்டில் நின்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னதில்தான் எனக்கு முழுசும் புரிந்தது. எங்கள் கடைக்கு முதல் தடவை வருவதற்கு முன்னால், செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார்கள். ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது பாதி மேட்டில் இன்ஜின் கத்தியது, வண்டி நின்றது, பின்னால் நழுவ ஆரம்பித்தது. பின்னால் லாரி. அந்த டிரைவர் சமயத்தில் பிரேக் போட்டதால் உயிர் தப்பினார்கள். வண்டி சாய்ந்ததில் கலா அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்தது. அன்றோடு அவர் வண்டியில் ஏறுவதை நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போக வர நடைதான். சேகர் அண்ணன் சண்டை போடவில்லை. வண்டியைச் சரிபார்த்து, தினமும் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு போனார். பார், எவ்வளவு நல்லா ஓடுகிறது, ஏறிக்கொள் என்று தினமும் கூப்பிடுவார். நாளைக்குப் பார்க்கலாம் என்று அக்காவும் தினமும் சொல்வார். சாய்ந்துகொள்ளும் கம்பியும் அகலமான கால் மிதியும் அந்த நாளைக்காக வந்தவை. பெண்டாட்டி வண்டியில் ஏற மாட்டேன் என்கிறாள் என்று எங்களிடம் சொல்ல அவருக்குக் கூச்சம்.

எனக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நேராகவே சொல்லிவிட்டேன். "அண்ணே, அக்காவ நம்ப வெக்க நீங்க ஓட்ற ஓட்டுல தான் கிளட்ச் எரியுது."

கலா அக்கா முதலில் சிரிக்க ஆரம்பித்தார். குடை ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது.

"அப்ப இத்தினி நாளா தேஞ்சி போன கிளட்சுல தான் என்ன ஏறச் சொல்லிகினு இருந்தியா?"

அக்கா விடவில்லை. என்னிடம் சொல்லியிருந்தால் நான்பாட்டுக்குத் தனியாக நடந்து போயிருப்பேனே, எதற்கு இந்த வேலை என்றார். சேகர் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ தனியா நடக்கக் கூடாதுன்னு தான் கூட வரேன்."

அக்கா குடையை அந்தக் கைக்கு மாற்றி இந்தக் கைக்கு மாற்றினார். பிறகு என்னைப் பார்த்து, அந்த எரிந்துபோன சாமானை நான் கண்ணால் பார்க்க வேண்டும், சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். அன்றைக்கு சேகர் அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே கூடப் போனார்.

கடைக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு, சட்டையை நீவிக்கொண்டு, செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அங்கே நடந்ததைப் பின்னாளில் பாய் பத்துப் பேரிடமாவது நடித்துக் காட்டியிருப்பார். நைனா கடைக்குள் போய், எதிரில் உட்கார்ந்து, "பாய், பிளேட்டு மேல தப்பு இல்ல. பாசத்துல எரிஞ்சிகீது" என்றாராம். பாய்க்கு முழுக்கதையும் கேட்ட பிறகு கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. அன்றைக்கு நைனா கடைசி பஸ்ஸுக்குத்தான் திரும்பினார்.

சனிக்கிழமை சேகர் அண்ணன் வண்டியைக் கொண்டுவந்தார், கலா அக்கா பஸ்ஸில் வந்தார். நைனா ஸ்டூலை இழுத்துப் போட்டார். அக்கா உட்காராமல் என் தலைக்கு மேலேயே நின்றார். நான் மூடியைக் கழற்றித் தட்டுகளை உருவ உருவ ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்துவிட்டு, "அடி புடிச்ச கொழம்பு மாதிரி கீது" என்றார். நைனா, அதேதான், அடுப்பைக் குறைக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால் வருவதுதான் என்றார். அக்கா அடுத்ததாகக் கேட்டது, அத்தனை வருடத்தில் எந்தக் கஸ்டமரும் எங்களைக் கேட்காத கேள்வி.

"பின்னாடி ஒக்காந்துகினு கீற எனக்கு, இது வழுக்கப் போவுதுன்னு முன்னாடியே எப்டித் தெரியும்?"

ஓட்டுகிறவருக்குக் கையில் தெரியும், காலில் தெரியும். பின்னால் இருப்பவருக்கு என்ன இருக்கிறது? நைனா, சத்தம் ஏறும்போது முகத்தில் அடிக்கிற காற்றும் சேர்ந்து ஏற வேண்டும், சத்தம் மட்டும் ஏறினால் உடனே தோளைத் தட்டி நிறுத்தச் சொல், நிறுத்தாவிட்டால் என்னிடம் வந்து சொல் என்றார். அக்கா அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார். வேலை முடிந்ததும் வண்டி அதே மேம்பாலத்தில், அதே மேட்டில், பாரத்தோடு நின்று ஏற வேண்டும். அதைத் தள்ளி நின்று தான் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஏறுவதா வேண்டாமா என்பது.

அந்த வேலையை நைனாவும் நானும் சேர்ந்தே செய்தோம். நீலம் பாய்ந்த இரும்புத் தட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தோம், இரண்டு வளைந்திருந்தன. அவற்றோடு எல்லாத் தட்டுகளையும் மாற்றினோம். ஸ்பிரிங்கும் புதுசு. எல்லாம் பாய் கடைச் சரக்கு. பாரத்துக்கு அரிசி மூட்டை கட்டலாமா என்று நான் கேட்டேன். போனில் இதைக் கேள்விப்பட்ட பாய், மூட்டை எதற்கு, நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். பாய் ஆள் கொஞ்சம் கனம். கொஞ்சம் என்பதை அவருக்காக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேம்பாலத்தில் நெரிசல் இல்லை. அக்கா, நைனா, நான் மூன்று பேரும் அடிவாரத்தில் ஓரமாக நின்றோம். சேகர் அண்ணன் வண்டியில் உட்கார்ந்தார். பாய் லுங்கியை மடித்துக்கொண்டு பின்னால் ஏறியதும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. முதல் தடவை நிற்காமல் ஏறிப் போய்த் திரும்பி வந்தார்கள். அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாதியில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். அந்த இடத்தை அவரே கை நீட்டிக் காட்டினார். இரண்டாவது தடவை அங்கே நிறுத்தி, பிரேக்கை விட்டு எடுத்தார்கள். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் நழுவாமல் இழுத்துக்கொண்டு மேலே போனது. திரும்பி வந்தபோது பாய்க்கு வியர்த்துக் கொட்டியது. ஓட்டினது அவரா நீயா என்று நைனா கேட்டார். "பிளேட்டு என்னுது இல்ல? பயம் இருக்காதா?" என்றார் பாய்.

கலா அக்கா முறிந்த மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டே நின்றார். சேகர் அண்ணன் கூப்பிடவில்லை. தினமும் கூப்பிட்டவர், அன்றைக்கு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எறங்குங்க பாய்," என்றார் அக்கா.

ஏறினார். சாய்ந்துகொள்ளும் கம்பியைப் பிடித்துப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். ஒரு கையை சேகர் அண்ணன் தோளில் வைத்தார். வண்டி கிளம்பியது. பாதி மேட்டில், அதே இடத்தில், தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னது எங்களுக்குக் கீழிருந்தே தெரிந்தது. நின்றார்கள். அக்கா தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். ரோடு காலியாக இருந்தது. மறுபடி ஒரு தட்டு. சத்தம் ஏறியது. அக்காவின் முந்தானை பின்னால் எழும்பிப் பறந்தது. சத்தமும் காற்றும் ஒன்றாகவே ஏறின. வண்டி உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் மறைந்தது.

இரண்டு நிமிடத்தில் திரும்பி வருவார்கள் என்று நின்றோம். வரவில்லை. பாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடைபாதைக் கட்டையில் உட்கார்ந்தார். நைனா உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்கு ஏதாவது ஆகிவிட்டதோ, நான் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

ரொம்ப நேரம் கழித்து உச்சியில் அந்த வண்டி தெரிந்தது. கொளவாய் ஏரிப் பக்கம் போய்ச் சுற்றிவிட்டு வந்திருப்பார்கள் போல. அக்கா முன்னால் குனிந்து அவர் காதில் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். சேகர் அண்ணன் பாதித் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே வந்தார். நாங்கள் நிற்பது இரண்டு பேருக்கும் நினைவே இல்லை. எங்களைக் கடந்து, திருக்கழுக்குன்றம் ரோட்டில் திரும்பி, போய்க்கொண்டே இருந்தார்கள்.

பாய் கையைத் தூக்கிக் கூப்பிடப் போனார். நைனா அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

"வுடு பாய். பேசிகினு போறாங்க."